குரல்: மார்த்தா வாஷ்

அந்தப் பாட்டு உங்களுக்குத் தெரியும், பெயர் தெரியாமல் இருந்தாலும். எடுத்த எடுப்பிலேயே ஒரு பெண் அடிவயிற்றிலிருந்து குரலெழுப்பி எல்லோரையும் ஆடச் சொல்வாள். அடுத்த நொடி டிரம்மும் கிட்டாரும் தடதடவென்று வந்து விழும். ஜிம்மில், விளையாட்டு மைதானங்களில், ஹாலிவுட் காமெடிப் படங்களில், யாராவது கூச்சத்தை விட்டு ஆட ஆரம்பிக்கும் ரீல்ஸ்களில் என்று முப்பத்தைந்து வருடமாக ஓடிக்கொண்டிருக்கிறது. சி+சி மியூசிக் ஃபாக்டரி என்ற குழுவின் 'கானா மேக் யூ ஸ்வெட்'. 1990 கடைசியில் வெளிவந்து, 1991 பிப்ரவரியில் அமெரிக்காவின் பில்போர்ட் ஹாட் 100 பட்டியலில் முதலிடத்துக்குப் போனது.

வீடியோவில் அந்தக் குரலுக்கு வாயசைப்பவர் ஸெல்மா டேவிஸ். ஒல்லியான, உயரமான, கண்ணைப் பறிக்கும் அழகுள்ள இளம்பெண். பாடியவர் அவர் இல்லை. பாடியவர் பெயர் மார்த்தா வாஷ். அந்தப் பெயர் பாட்டோடு சேர்ந்து வருவதற்கு ஒரு வழக்கு தேவைப்பட்டது. 1994-ல் சமரசம் ஆனபோது சோனி நிறுவனம் எம்டிவியிடம் ஒரு விநோதமான கோரிக்கை வைத்தது. வீடியோவில் ஒரு குறிப்பு சேர்க்க வேண்டும், அதில் குரலுக்கு மார்த்தா வாஷ் பெயரும் 'விஷுவலைசேஷன்' என்பதற்கு ஸெல்மா டேவிஸ் பெயரும் இருக்க வேண்டும் என்று. விஷுவலைசேஷன்! மென்பொருள் தொழிலில் நாங்கள் தினசரி புழங்கும் சொல்தான். எண்களைப் படமாக வரைந்து காட்டுவதற்கு அப்படிச் சொல்வோம். ஒரு மனுஷிக்கு அந்தப் பெயரை வைத்து நான் பார்த்தது அங்கே மட்டும்தான்.

'சரி, இதுல என்ன குத்தம்?' என்று நம் ஆட்கள் கேட்பார்கள். கேட்க வேண்டிய கேள்விதான். ஒருவர் பாட இன்னொருவர் வாயசைப்பதை எண்பது வருடமாகப் பார்த்துப் பழகியவர்கள் நாம். ஆனால் நம் வானொலி அறிவிப்பாளர் படத்தின் பெயர், இசையமைப்பாளர், பாடியவர் எல்லாம் சொல்லிவிட்டுத்தான் பாட்டைப் போடுவார். படத்தின் டைட்டிலில் 'பின்னணி' என்று ஒரு அட்டை வரும். நடிகர் பாடவில்லை என்பது திரையரங்கில் இருக்கும் கடைசி ஆளுக்கும் தெரியும், தெரிந்துதான் விசிலடிக்கிறான். உதடு யாருடையது என்பதில் பிரச்சினை இல்லை, அட்டை இருக்கிறதா என்பதுதான் விஷயம். 1990-ல் நியூயார்க்கில் அந்த அட்டை இல்லை. ஏன் இல்லை என்பதைப் புரிந்துகொள்ள மார்த்தாவின் உடம்பைப் பற்றிப் பேச வேண்டியிருக்கிறது. அவர் வாழ்க்கை முழுக்க மற்றவர்கள் அதைப் பற்றித்தான் பேசினார்கள்.

1953 டிசம்பரில் சான் ஃபிரான்சிஸ்கோவில் பிறந்தார். குழந்தையிலிருந்தே தேவாலயத்தில் பாடியவர். கறுப்பின மக்களின் தேவாலயங்களில் வளர்ந்த காஸ்பல் பாடல்முறையைப் பற்றி இங்கே கொஞ்சம் சொல்லிவிடலாம். அதில் பாடகர் மைக்கை நம்பிப் பாடுவதில்லை. பின்னால் ஒரு கூட்டமே பாடிக்கொண்டிருக்கும், அதற்கு மேலே ஏறி நிற்க வேண்டும். ஒரே வரியைத் திரும்பத் திரும்பப் பாடுவார்கள், ஒவ்வொரு சுற்றிலும் சூடு ஒரு படி ஏறும். ஒரு கட்டத்தில் வார்த்தை உடைந்து வெறும் குரலாகிவிடும். நம் ஊர் பஜனையில் உச்சத்துக்குப் போகும்போது நடப்பதும் கிட்டத்தட்ட இதுதான். டிஸ்கோவும் பிறகு ஹவுஸும் ஓயாமல் தேவாலயத்திலிருந்து பெண்களைக் கொண்டுவந்ததற்கு இதுவே காரணம். அந்தப் பெண்களுக்குத் திரும்பத் திரும்ப வரும் தாளத்தின் மீது ஏறத் தெரியும்.

எழுபதுகளின் நடுவில் சில்வெஸ்டர் என்ற பாடகர் பின்னணிக் குரல்களுக்காக ஆள் தேடிக்கொண்டிருந்தார். சில்வெஸ்டர் ஒரு தனி அத்தியாயம். கறுப்பினத்தவர், தன்பாலீர்ப்பாளர், பெண்ணுடையும் நகையுமாக மேடையேறி உச்சத்தில் பாடுபவர். அவரும் சிறுவயதில் தேவாலயத்தில் பாடி வளர்ந்தவர்தான். மார்த்தா பாடிக்காட்டியதைக் கேட்டவுடன் அவர் கேட்டது, உன்னைப்போலவே இன்னொருத்தி இருக்கிறாளா என்று. பாடுவதில் மட்டும் இல்லை, உருவத்திலும். மார்த்தா தன் காஸ்பல் குழுத் தோழி இஸோரா ரோட்ஸை அழைத்துவந்தார்.

இந்த இடத்தை நான் திரும்பத் திரும்ப யோசித்திருக்கிறேன். பருமனான இரண்டு கறுப்பினப் பெண்கள் மேடையின் இருபுறமும் நிற்க, நடுவில் ஜிகினா உடுத்திய ஓர் ஆண். அந்தக் கால அமெரிக்கப் பொழுதுபோக்குத் தொழில் மேடைக்கு வெளியே நிறுத்தி வைத்திருந்த மூன்று பேர். சில்வெஸ்டருக்கு அவர்களை மறைக்கும் எண்ணமே இல்லை, முன்னால் கொண்டுவந்து நிறுத்தினார். 1978-ல் 'யூ மேக் மீ ஃபீல்' வந்தது. தயாரித்தவர் ஹார்வி ஃபுகுவா, சிந்தசைசரில் பாட்ரிக் கௌலி, பின்னணியில் இந்த இருவர். 1979 மார்ச் 11 அன்று சான் ஃபிரான்சிஸ்கோவின் ஓபரா மாளிகையில், மேற்கத்திய சாஸ்திரிய சங்கீதத்துக்கென்று கட்டிய அந்த இடத்தில், சில்வெஸ்டர் கச்சேரி செய்தார். அதன் பதிவு 'லிவிங் ப்ரூஃப்' என்ற ஆல்பமாகக் கிடைக்கிறது. ஹெட்ஃபோனில் கேளுங்கள். மார்த்தாவும் இஸோராவும் முன்வரும்போது அரங்கம் என்ன ஆகிறது என்று கவனியுங்கள். அவர்களைப் பின்னணிப் பாடகிகள் என்று யாரும் நினைக்கவில்லை.

இருவரும் சேர்ந்து தனியாக வந்தபோது வைத்த பெயர் டூ டன்ஸ் ஓ ஃபன். இரண்டு டன் கும்மாளம் என்று வைத்துக்கொள்ளலாம். 1980-ல் மட்டும் இரண்டு ஆல்பங்கள். பெயரிலேயே எடை இருக்கிறது. அதைக் கிண்டல் என்பதா, பெருமை என்பதா? அவர்கள் மேடையில் நிற்கும் தோரணையைப் பார்த்தால் பெருமைதான். ஆனால் சந்தைக்குப் பெருமையும் கிண்டலும் ஒன்றாகவே விலைபோகும். அதுவும் நடந்தது.

இதற்கிடையில் டிஸ்கோவுக்குக் கெட்ட காலம். 1979 ஜூலை 12, சிகாகோவின் கொமிஸ்கி பார்க் பேஸ்பால் மைதானத்தில் இரண்டு ஆட்டங்களுக்கு நடுவே, ஒரு வானொலி அறிவிப்பாளரின் தலைமையில் பெட்டி நிறைய டிஸ்கோ இசைத்தட்டுகளை வெடிவைத்துத் தகர்த்தார்கள். கூட்டம் மைதானத்துக்குள் புகுந்தது. இரண்டாவது ஆட்டம் நடக்கவே இல்லை. ஒரு இசைவகை பிடிக்காததற்கு வெடி வைப்பார்களா? கறுப்பினத்தவரும் தன்பாலீர்ப்பாளரும் உருவாக்கிய இசை அது என்பதை நினைவில் வைத்துக்கொண்டால் அந்தக் கோபத்தின் அளவு விளங்கும். கம்பெனிகள் அடுத்த வருடமே டிஸ்கோ என்ற சொல்லைக் கைவிட ஆரம்பித்துவிட்டன.

அப்படி ஒரு நேரத்தில்தான் பால் ஜபாரா ஒரு பாட்டைத் தூக்கிக்கொண்டு அலைந்தார். டேவிட் லெட்டர்மேன் நிகழ்ச்சியின் இசைக்குழுத் தலைவர் பால் ஷாஃபரோடு சேர்ந்து 1979-ல் எழுதியது. வானத்திலிருந்து ஆண்கள் மழையாகக் கொட்டுகிறார்கள் என்று ஒரு கற்பனை. டோனா சம்மர் முடியாது என்றார், அவர் அப்போது தீவிர பக்தியில் இருந்தார். டயானா ராஸ், செர், பார்பரா ஸ்ட்ரைசாண்ட் என்று ஒவ்வொருவராகக் கைவிட்டார்கள். கடைசியில் மார்த்தாவும் இஸோராவும். அவர்களுக்கே முதலில் அது விளையாட்டாகத்தான் பட்டிருக்கிறது. 1982-ல் பாடிக்கொடுத்தார்கள். பாட்டின் தொடக்கத்தில் தங்களை வானிலை அறிவிப்பாளர்களாக அறிமுகம் செய்துகொள்வார்கள், அதிலிருந்தே குழுவுக்கு 'வெதர் கேர்ள்ஸ்' என்று புதுப் பெயர் வந்தது. 'இட்ஸ் ரெய்னிங் மென்' நடனக் கிளப் பட்டியலில் முதலிடம். 1984-ல் பிரிட்டனில் இரண்டாமிடம். வெளியிட்டது கொலம்பியா. இந்தப் பெயரை மறக்காதீர்கள், திரும்ப வரும்.

ஒரு பாட்டு இவ்வளவு பெரிதாக ஓடியது. அதன் பிறகு என்ன? கிட்டத்தட்ட ஒன்றுமில்லை. அந்த உயரத்தைத் தொடும் இன்னொரு பாட்டு வரவில்லை. 1988-ல் இருவரும் பிரிந்தார்கள். இஸோரா பின்னாளில் ஜெர்மனியில் தன் மகளோடு சேர்ந்து வெதர் கேர்ள்ஸைத் தொடர்ந்தார். அதே வருட டிசம்பரில் சில்வெஸ்டர் எய்ட்ஸால் இறந்தார். மார்த்தாவுக்கு முப்பத்தைந்து வயது. வாடகை கட்ட வேண்டும். ஸ்டுடியோக்களில் கூலிக்குப் பாடத் தொடங்கினார்.

இந்த இடத்தில் அவர் கதையை நிறுத்திவிட்டுச் சிகாகோவுக்குத் திரும்ப வேண்டும். வெடிவைத்த அதே ஊரில், 1977-லேயே வேர்ஹவுஸ் என்ற ஒரு கிளப் தொடங்கியிருந்தது. நியூயார்க்கிலிருந்து வந்த ஃப்ராங்கி நக்கிள்ஸ் அங்கே டீஜே. கம்பெனிகள் டிஸ்கோ போடுவதை நிறுத்தியபிறகு, பழைய தட்டுகளை வெட்டியும் நீட்டியும், டிரம் மெஷினை மேலே சேர்த்தும் விடியவிடிய ஓட்டினார்கள். ஹவுஸ் என்ற பெயரே அந்தக் கிளப்பின் பெயரிலிருந்து வந்தது என்பார்கள். நிமிடத்துக்குச் சுமார் 120 தட்டு, ஒவ்வொரு தட்டுக்கும் ஒரு பேஸ் டிரம், இரக்கமே இல்லாத ஒழுங்கு. எனக்கு ஹவுஸ் பிடித்துப்போனது இரவில் கோடு எழுதும்போதுதான். இயந்திரத்தின் நேரத்தோடு நம் நேரமும் சேர்ந்து ஓடும். ஆனால் வெறும் இயந்திரத்தை எத்தனை மணிநேரம் கேட்பது? எங்காவது ஒரு மனிதத் தொண்டை அதைக் கிழித்துக்கொண்டு வர வேண்டும். அதற்கு டிஸ்கோவின் காஸ்பல் பெண்கள் கச்சிதமாகப் பொருந்தினார்கள்.

அந்தத் தொண்டையைக் கொண்டுவர ஆளைக் கூப்பிட வேண்டியதில்லை என்று ஆனது எண்பதுகளின் நடுவில். 1986-ல் அகாய் எஸ்900 சாம்ப்ளர் வந்தது. முழுத் தரத்தில் சுமார் பன்னிரண்டு வினாடி ஒலிதான் அதன் நினைவகத்தில் அடங்கும். பன்னிரண்டு வினாடி என்பது ஒரு பாட்டுக்குப் போதாது. ஒரு அலறலுக்குத் தாராளம். தட்டிலிருந்து ஒரு துண்டை எடுத்து விசைப்பலகையின் ஒரு கட்டையில் வைத்துவிட்டால், அமுக்கும்போதெல்லாம் அந்தப் பெண் அதே வேகத்தோடு பாடுவாள். களைப்பு கிடையாது, சம்பளம் கிடையாது.

லொலியாட்டா ஹாலோவேக்கு நடந்தது இதுதான். சிகாகோக்காரர். அறுபதுகளின் பிற்பகுதியில் கேரவன்ஸ் என்ற புகழ்பெற்ற காஸ்பல் குழுவில் பாடியவர். 1980-ல் டான் ஹார்ட்மன் எழுதித் தயாரித்த 'லவ் சென்சேஷன்' என்ற பாட்டைப் பாடினார். 1989-ல் இத்தாலியில் டேனியலே டாவோலி, மிர்கோ லிமோனி, வலேரியோ செம்ப்லிச்சி என்ற மூன்று பேர் பிளாக் பாக்ஸ் என்ற பெயரில் ஒரு பாட்டு செய்தார்கள். அதன் குரல் முழுக்க ஹாலோவேயின் பாட்டிலிருந்து வெட்டி எடுத்தது. 'ரைட் ஆன் டைம்' பிரிட்டனில் ஆறு வாரம் முதலிடத்தில் இருந்தது, அந்த வருடம் அங்கே அதிகம் விற்ற சிங்கிள். தொலைக்காட்சியில் வந்து வாயசைத்தவர் காத்ரின் கினோல் என்ற மாடல். ஹாலோவேக்கு வழக்கறிஞர்கள் மூலமாகத்தான் காசு வந்தது. சிக்கல் வந்ததும் இன்னொரு பாடகியை வைத்து அதே வரிகளைத் திரும்பப் பாடவைத்துப் புதுப் பிரதி போட்டார்கள். அவர் ஹெதர் ஸ்மால், பின்னாளில் எம் பீப்பிள் குழுவில் பெரிய பெயர். அந்தப் பிரதியிலும் பெயர் கிடையாது.

அந்த இரண்டு வருடத்தில் இது ஒரு பாணியாகவே ஆகிவிட்டது. டெக்னோட்ரானிக்கின் 'பம்ப் அப் த ஜாம்' அட்டையிலும் வீடியோவிலும் இருப்பவர் ஃபெல்லி என்ற மாடல், பாடியவர் யா கிட் கே. ஸ்னாப் குழுவின் 'த பவர்' பாட்டில் உச்சத்தில் ஒலிக்கும் அந்த ஒற்றை வரி, ஜோசலின் பிரவுன் 1985-ல் பாடிய வேறொரு பாட்டிலிருந்து முதலில் எடுக்கப்பட்டது. எம்டிவி வந்தபிறகு பாட்டு என்றால் முகமும் வேண்டும். நல்ல குரல் ஒரு இடத்தில் இருந்தது, கேமரா விரும்பும் முகம் இன்னொரு இடத்தில் இருந்தது. இரண்டையும் தனித்தனியாக வாங்கி ஒட்டிக்கொள்ளலாமே என்று தயாரிப்பாளர்கள் கண்டுபிடித்தார்கள். என் தொழில் பாஷையில் சொன்னால் பின்தளம் ஒருவர், முன்தளம் இன்னொருவர்.

மார்த்தாவிடம் சாம்ப்ளரோடு வரவில்லை. நேரில் கூப்பிட்டுப் பாடவைத்தார்கள், அதுதான் வித்தியாசம். பிளாக் பாக்ஸ் தங்கள் ஆல்பத்துக்கு அவரைப் பல பாடல்கள் பாடச் சொன்னது. வேறு பாடகர்களுக்குக் காட்டுவதற்கான மாதிரிப் பதிவு என்று நினைத்துத்தான் பாடிக்கொடுத்ததாக மார்த்தா சொன்னார். பேசிய தொகையைக் கொடுத்து அனுப்பிவிட்டார்கள். 1990-ல் 'ட்ரீம்லேண்ட்' வந்தது. 'எவ்ரிபடி எவ்ரிபடி' அமெரிக்காவில் எட்டாமிடம். மறுவருடம் 'ஸ்ட்ரைக் இட் அப்', அதுவும் எட்டாமிடம். திரையில் மறுபடியும் காத்ரின் கினோல். உறையில் மார்த்தா பெயர் இல்லை.

அதே காலத்தில் நியூயார்க்கில் ராபர்ட் கிளிவில்லேஸ், டேவிட் கோல் என்ற இரட்டையர். இவர்கள் செடக்‌ஷன் என்ற மூன்று பெண்கள் குழுவுக்காக 1989-ல் செய்த ஒரு பாட்டில் முதன்மைக் குரல் மார்த்தாவுடையது, பெயர் இல்லை. அடுத்து இவர்களே சி+சி மியூசிக் ஃபாக்டரி ஆனார்கள். வேறு வேலைக்காக மார்த்தா பாடிக்கொடுத்திருந்த பதிவிலிருந்து வெட்டி ஒட்டியே 'கானா மேக் யூ ஸ்வெட்'டின் அந்த அலறல் உருவானது என்பது வழக்கில் அவர் வைத்த குற்றச்சாட்டு. வெளியிட்டது கொலம்பியா. வெதர் கேர்ள்ஸ் காலத்தில் இவர் முகத்தையும் எடையையும் சேர்த்தே விற்ற அதே கொலம்பியா. நடுவில் சோனி அதை வாங்கியிருந்தது.

தன் பருமன்தான் காரணம் என்று மார்த்தா சுற்றிவளைக்காமல் சொல்லிவந்திருக்கிறார். வருடங்களை வரிசையாக வைத்துப் பாருங்கள். 1976 வாக்கில் சில்வெஸ்டர் அந்த உடம்பைக் கேட்டு வாங்கினார். 1982-ல் அது வேடிக்கையாக விற்றது. 1990-ல் குரலை உரித்து எடுத்துக்கொண்டு உடம்பை ஸ்டுடியோவிலேயே விட்டுவிட்டுப் போனார்கள். பதினான்கு வருடத்தில் அந்தக் குரலில் ஒரு குறையும் வந்திருக்கவில்லை.

1990-ல் மார்த்தா ஆர்சிஏ நிறுவனத்தின் மீது பிளாக் பாக்ஸுக்காக வழக்குப் போட்டார். டிசம்பரில் கிளிவில்லேஸ், கோல், சோனி மீது இன்னொன்று. மோசடி, ஏமாற்றும் விதமான உறை என்பதெல்லாம் குற்றச்சாட்டுகள். அதற்குச் சரியாக ஒரு மாதம் முன்னால்தான் மில்லி வனில்லி குட்டு உடைந்திருந்தது. சிறந்த புதுமுகத்துக்கான கிராமி வாங்கிய இரண்டு இளைஞர்கள் ஒரு வரிகூடப் பாடவில்லை என்று தயாரிப்பாளர் ஃப்ராங்க் ஃபேரியனே ஒப்புக்கொண்டார், கிராமி பறிபோனது. (இதே ஃபேரியன் எழுபதுகளில் போனி எம் குழுவை நடத்தியவர். நம் பக்கத்தில் எத்தனையோ வீடுகளில் அந்த கேசட் இருந்தது. அதில் பாபி ஃபேரல் ஆடிக்கொண்டே வாயசைத்த ஆண்குரல் பெரும்பாலும் ஃபேரியனுடையது.) அமெரிக்கப் பத்திரிகைகள் மில்லி வனில்லியைப் போட்டுக் கிழித்தன. ரசிகர்களை ஏமாற்றிவிட்டார்கள் என்ற புலம்பல். மார்த்தா கேட்டது வேறு. ரசிகர்கள் ஏமாந்ததைப் பற்றி இல்லை, பாடியவளுக்கு என்ன கொடுத்தீர்கள் என்பது பற்றி. அந்தக் கேள்விக்கு அவ்வளவு தலையங்கம் வரவில்லை.

தயாரிப்பாளர்கள் தரப்பிலும் ஒரு வாதம் இருந்தது. ஸ்டுடியோவில் கூலிக்குப் பாடுபவருக்குப் பெயர் போடும் கட்டாயம் கிடையாது. வயலின் வாசிப்பவர், கைதட்டுபவர் எல்லோருக்கும் அப்படித்தான். ஒருமுறை காசு, அதோடு கதை முடிந்தது. இதை அப்படியே தள்ளிவிட முடியாது. ஆனால் பாட்டின் முகமாக ஒருவரை நிறுத்தி, அவர்தான் பாடினார் என்று உலகமே நம்பும்படி அமைத்தபிறகு, நிஜமாகவே முன்னால் நின்று பாடியவரைக் கைதட்டியவரோடு சேர்த்துக் கணக்கெழுதுவது நியாயமாகப் படவில்லை.

பெயர் என்றால் ஏதோ மரியாதை சமாச்சாரம் என்று நினைத்துவிட வேண்டாம். அது காசு. அமெரிக்காவின் சாதாரண வானொலியில் ஒரு பாட்டு ஓடினால் எழுதியவருக்குப் பணம் போகும், பாடியவருக்குப் போகாது. இது இன்றைக்கும் அப்படித்தான். டிஜிட்டல் ஒலிபரப்புக்கு 1995-ல் ஒரு சட்டம் வந்து இதைக் கொஞ்சம் மாற்றியது. அதன்படி வரும் தொகையில் 50 சதவீதம் பதிவின் உரிமையாளருக்கு. 45 சதவீதம் முதன்மைக் கலைஞருக்கு. மிச்சம் 5 சதவீதத்தை முதன்மை அல்லாத வாத்தியக்காரர்களும் பாடகர்களும் சேர்ந்து பகிர்ந்துகொள்ள வேண்டும். நீங்கள் அந்த 45-ல் இருக்கிறீர்களா, 5-ல் ஒரு துணுக்கில் இருக்கிறீர்களா என்பதைத் தீர்மானிப்பது யாரோ ஒருவர் என்றைக்கோ நிரப்பிய ஒரு கட்டம். பாடலின் தலைப்புக்குப் பக்கத்தில் 'ஃபீச்சரிங்' என்று ஒரு சொல் இருந்ததா இல்லையா என்பது.

நான் பிழைப்பது தரவுத்தளங்களை வைத்து. காலியாக விட்ட ஒரு கட்டம் பத்து வருடம் கழித்து என்ன செய்யும் என்று எனக்குத் தெரியும். முன்பு வேலைபார்த்த ஒரு இடத்தில், ஒரு புராஜெக்ட்டை வேறொரு களஞ்சியத்துக்கு மாற்றினார்கள். மூன்று வருட கமிட் வரலாற்றையும் வசதிக்காக ஒரே கமிட்டாக நசுக்கி ஏற்றினார்கள். எழுதியவர் என்ற இடத்தில் மாற்றிய ஆளின் பெயர் ஏறிக்கொண்டது. திருட்டெல்லாம் இல்லை, பாவம், அவருக்கும் இரண்டு நாள் அவகாசம்தான் கொடுத்திருந்தார்கள். பிறகு ஆள்குறைப்பு வந்தபோது யார் என்ன எழுதினார்கள் என்று அந்த வரலாற்றைத்தான் திறந்து பார்த்தார்கள். என் பக்கத்து இருக்கைக்காரர் அந்த வாரமே வீட்டுக்குப் போனார். மையப்பகுதி முழுக்க அவர் எழுதியது.

வழக்குகள் தீர்ப்பு வரை போகவில்லை. ஆர்சிஏ சமரசத்துக்கு வந்து மார்த்தாவோடு ஒரு ஒப்பந்தம் போட்டது, அவர் பெயரிலேயே தனி ஆல்பம் செய்ய. சோனி 1994-ல் சமரசம் செய்தது, அந்த எம்டிவி குறிப்போடு. சமரசம் என்பதால் பின்னால் வருகிறவர்கள் எடுத்துக்காட்டும் தீர்ப்பு எதுவும் எழுதப்படவில்லை. ஆனால் கம்பெனிகளின் வக்கீல்களுக்குப் பயம் வந்தது, அது போதுமானதாக இருந்தது. 1991-ல் மார்க்கி மார்க் என்ற இளைஞர் 'குட் வைப்ரேஷன்ஸ்' போட்டார் (இப்போது நடிகர் மார்க் வால்பெர்க்). அதில் அதே 'லவ் சென்சேஷன்' குரல். இந்த முறை லொலியாட்டா ஹாலோவேயின் பெயர் பாட்டுக்குப் பக்கத்திலேயே இருந்தது. அக்டோபரில் அந்தப் பாட்டு அமெரிக்காவில் முதலிடம். இரண்டு வருடம் முன்னால் பிரிட்டனே ஆடிய குரலுக்குப் பெயர் கிடையாது. இப்போது அதே பழைய பாட்டின் குரலுக்குப் பெயரும் பங்கும் உண்டு.

ஸெல்மா டேவிஸைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லாமல் போவது சரியாகாது. இந்தக் கதை இணையத்தில் எங்கே வந்தாலும் அவரைப் போலி என்று திட்ட நாலு பேர் வந்துவிடுவார்கள். அவர் பாடத் தெரியாத மாடல் இல்லை. அதே ஆல்பத்தின் வேறு பாடல்களைச் சொந்தக் குரலில் பாடியவர். லைபீரியாவில் பிறந்து அமெரிக்கா வந்த, இருபது வயதுக்காரி. கேமரா முன்னால் நில் என்றால் நின்றார். அவர் குரல் ஒரு பாட்டுக்குப் போதவில்லை என்றும், மார்த்தாவின் உருவம் அதே பாட்டுக்குப் பொருந்தவில்லை என்றும் முடிவெடுத்தவர்கள் வேறு. அவர்களுடைய பெயர்கள் மட்டும் எல்லா உறையிலும் எழுத்துப்பிழை இல்லாமல் இருந்தன.

ஆர்சிஏ ஒப்பந்தத்தில் வந்த 'மார்த்தா வாஷ்' ஆல்பம் 1993-ல் வெளியானது. அதிலிருந்து 'கேரி ஆன்', 'கிவ் இட் டு யூ' இரண்டும் நடனக் கிளப் பட்டியலில் முதலிடம். 'கேரி ஆன்' எனக்கு மிகவும் பிடித்தது. சாம்ப்ளருக்காக வெட்டிய இரண்டு வினாடி மார்த்தா அல்லாமல், தாழ்ந்து தொடங்கி, பொறுத்து, மெல்ல ஏறும் முழுப் பாடகியை அதில் கேட்கலாம். ஒரு அலறலாக மட்டுமே அவரை உலகம் தெரிந்துவைத்திருந்தது எவ்வளவு நஷ்டம் என்று அப்போதுதான் புரியும்.

பிறகு நடந்ததுதான் எனக்கு இந்தக் கதையிலேயே ஆச்சரியமான பகுதி. 1994-ல் சி+சி மியூசிக் ஃபாக்டரி அடுத்த ஆல்பத்துக்கு மார்த்தாவை அழைத்தது. போனார். 'டூ யூ வான்னா கெட் ஃபங்கி' என்ற பாட்டில் அவரும் ஸெல்மா டேவிஸும் சேர்ந்து பாடினார்கள், வீடியோவில் இருவரும் வந்தார்கள். அவரவர் வாயிலிருந்து அவரவர் குரல். சில மாதங்களில், 1995 ஜனவரியில், டேவிட் கோல் மூளைக்காய்ச்சலில் இறந்துபோனார். முப்பத்திரண்டு வயது.

தொண்ணூறுகளின் நடுவில் டாட் டெர்ரி என்ற நியூயார்க் ஹவுஸ் தயாரிப்பாளர் மார்த்தா வாஷையும் ஜோசலின் பிரவுனையும் ஒரே மைக்கின் முன்னால் கொண்டுவந்தார். தட்டுகளில் வெட்டப்பட்ட இரண்டு குரல்கள். 1996-ல் 'கீப் ஆன் ஜம்பின்' பிரிட்டனில் எட்டாமிடம், 1997-ல் 'சம்திங் கோயிங் ஆன்' ஐந்தாமிடம். உறையில் மூன்று பேர் பெயரும் இருக்கும். இஸோரா 2004-ல் இறந்தார். ஹாலோவே 2011-ல். மார்த்தா சொந்தமாக பர்பிள் ரோஸ் ரெக்கார்ட்ஸ் என்று ஒரு லேபிள் வைத்துக்கொண்டார். 2013-ல் ஒரு ஆல்பம். 2020-ல், அறுபத்தாறு வயதில், 'லவ் அண்ட் கான்ஃப்ளிக்ட்' என்று இன்னொன்று. அதில் டிஸ்கோவைவிட ப்ளூஸும் சோலும் அதிகம். ஸ்ட்ரீமிங் செயலியில் திறந்து 'கிரெடிட்ஸ்' என்ற இடத்தை அமுக்கினேன். கலைஞர் என்ற கட்டத்தில் ஒரே ஒரு பெயர்தான் இருந்தது.